தொடக்கூடாத வெங்காயம்

மைமூனாவின் தோட்டத்தில் வெங்காயம் அழுகிக் கிடந்த பன்னிரண்டு நாளும் அதை யாரும் தொட்டுவிடாமல் காவல் காத்தவள் மைமூனாவேதான். ஊரில் இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். முதலில் சிரிக்கத் தொடங்கியவர் அவளுடைய புருஷன் ஜபார்.

அவர்கள் இருந்தது கற்பிட்டிக்குப் போகும் வீதியில், ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் களப்பு நீருமாக ஒடுங்கிக் கிடக்கிற மணல் நிலத்தில். தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து இறங்கிய சனங்களின் குடியிருப்பு அது. இறங்கியபோது மைமூனாவுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு கையில் பை, இடுப்பில் மகள் ஸஹ்றா. ஜபாரும் அவளும் பதினைந்து வருடம் அடுத்தவர்களுடைய வெங்காயத்தைக் கூலிக்குப் பிடுங்கிய பிறகுதான் முக்கால் ஏக்கர் காணியும் ஒரு கிணறும் சொந்தமாக வாய்த்தன. யுத்தம் முடிந்ததும் ஸஹ்றா புருஷனோடு மன்னார் முசலிப் பக்கம் திரும்பிப் போய்விட்டாள். தாயையும் கூப்பிட்டாள். "அங்க எனக்கு என்ன இரிக்கி? என்ட கிணறு இஞ்ச இரிக்கி" என்று மைமூனா இருந்துகொண்டாள்.

காப்புறுதிக் கதை அந்த ஊருக்குள் வந்தது இரண்டாயிரத்துப் பதினான்காம் ஆண்டு. உடப்பு ஊரைச் சேர்ந்த தனஞ்சயன் என்ற இளைஞன் ஒரு கொழும்புக் கொம்பனியின் ஆளாக மோட்டார் சைக்கிளில் வந்தான். பாடசாலை மண்டபத்தில் கூட்டம் வைத்தான். வெள்ளம், புயல், வரட்சி மூன்றுக்கும் கொம்பனி பொறுப்பு என்று சொல்லிப் படம் போட்ட தாள் கொடுத்தான். சனம் தாளை வாங்கி விசிறிக்கொண்டது.

"அழிவு ஒண்டும் வராட்டி நாங்க கட்டின காசு திரும்பி வருமா தம்பி?" என்று ஒருவர் கேட்டார்.

"வராது. அது உங்கட பாதுகாப்புக்கு."

"அப்ப வெள்ளம் வரச் சொல்லித்தான் இனி துஆக் கேக்கணும்."

மண்டபம் சிரித்தது. பள்ளிவாசல் நிருவாகத்தில் இருந்த இப்றாஹிம் ஹாஜியார் எழுந்து, இது சூதோடு சேர்ந்ததா இல்லையா என்று ஆலிம்களிடம் கேட்காமல் யாரும் கைவைக்க வேண்டாம் என்றார். மைமூனாவின் தங்கை றைஸா, "ராத்தா, எழும்புங்க போவம். எத்தின பேர் வந்து எத்தின பாரம் நிரப்பினாங்க. என்ன கிடைச்சது?" என்று கையைப் பிடித்து இழுத்தாள்.

மைமூனா எழும்பவில்லை. அவளும் நட்டஈடு கேட்டு விண்ணப்பப் பாரங்கள் நிரப்பியவள்தான். மன்னாரில் விட்டு வந்த வீட்டுக்கு இரண்டு தடவை நிரப்பினாள். நாலு வருடத்துக்கு முன்பு வெள்ளம் தோட்டத்தை அழித்தபோது கிராம சேவகர் பெயர் எழுதினார். ஆறு மாதம் கழித்து அரிசியும் பருப்பும் உள்ள ஒரு பொதி வந்தது. வரிசையில் நின்று வாங்கினாள். பொதியைக் கொடுத்த ஆள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் அடுத்தவளைக் கூப்பிட்டான். அன்றைக்கு வந்த வெட்கம் அவளை விட்டுப் போகவே இல்லை. இந்தப் பொடியன் சொல்வது வேறு மாதிரி இருந்தது. இங்கே யாருடைய இரக்கத்துக்கும் காத்து நிற்க வேண்டியதில்லை. காசு கட்டினால் கேட்கிற உரிமை வரும். மைமூனாவுக்கு அந்த உரிமைதான் வேண்டியிருந்தது.

முப்பத்தாறு வீட்டில் சேர்ந்தது அவள் வீடு மட்டும். காணி உறுதிப் பத்திரம் ஜபாரின் பெயரில் இருந்ததால் கையெழுத்து அவருடையது. "என்ட பொஞ்சாதிக்கு அல்லாஹ் மேல நம்பிக்கை கொஞ்சம் குறைவு" என்று தனஞ்சயனுக்குச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஜபார் கையெழுத்துப் போட்டார். எதற்கும் சிரிக்கிற மனுஷன் அவர். மூன்று வருடமாகச் சீனி வருத்தம். பாதத்தில் முள் குத்தினாலும் தெரியாது. வெறுங்காலோடு தோட்டத்தில் இறங்க வேண்டாம் என்று கிளினிக்கில் டொக்டர் சொல்லியிருந்தார்.

கொம்பனித் தாள் இங்கிலீஸில் இருந்தது. "இதில என்ன எழுதியிரிக்கி?" என்று மைமூனா கேட்டாள்.

தனஞ்சயன் விரலால் வரிகளைத் தொட்டுத் தொட்டு விளங்கப்படுத்தினான். "முக்கியமானது இதுதான் அக்கா. அழிவு வந்தா உடனே எங்களுக்குப் போன் பண்ணோணும். எங்கட ஆள் வந்து பாத்து எழுதுமட்டும் தோட்டத்தில கை வைக்கக் கூடாது. கை வைச்சா ஒண்டும் கிடைக்காது."

மைமூனா அதை மனதில் எழுதிக்கொண்டாள்.

மார்கழியில் மழை வந்தது. வெங்காயம் நட்டு அறுபது நாள். இன்னும் ஒரு கிழமையில் பிடுங்கலாம் என்ற பருவம். மூன்று நாள் விடாமல் பெய்து, நான்காம் நாள் காலையில் மழை விட்டு வானம் வெறித்தபோது பாத்திக்கும் வாய்க்காலுக்கும் வித்தியாசம் தெரியாமல் தண்ணீர் நின்றது. வெங்காயத் தாள்கள் எல்லாம் மஞ்சளாகித் தண்ணீரில் படுத்துக் கிடந்தன. குனிந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தால் கிழங்கு கெட்டியாகவே இருந்தது. இன்றைக்கும் நாளைக்கும் பிடுங்கி உலர்த்தினால் பாதியாவது மிஞ்சும். அதற்குப் பிறகு ஒன்றும் மிஞ்சாது. வெங்காயம் செய்கிற யாருக்கும் இது தெரியும்.

பக்கத்துத் தோட்டம் றைஸாவுடையது. அவள் விடியவே பத்துப் பெண்களோடு இறங்கிவிட்டாள். பிடுங்கிப் பிடுங்கிச் சாக்கில் போட்டு, பாடசாலை மண்டபத்தில் கொண்டுபோய்ப் பரப்பினார்கள். பத்து மணிபோல வரம்பில் ஏறி நின்று கூப்பிட்டாள்.

"ராத்தா! என்ட பாதி முடிஞ்சிட்டு. ஆக்களக் கூட்டிக்கொண்டு அங்கால வரட்டா?"

"வாணாம்."

"ஏன் வாணாம்?"

"கொம்பனிக்குச் சொல்லிட்டன். ஆள் வருது."

உண்மையிலேயே சொல்லியிருந்தாள். தனஞ்சயன் போனில், நாளைக்கு அல்லது மறுநாள் வருவார்கள் என்றான். மறுநாள் வரவில்லை. மாவட்டம் முழுக்க வெள்ளம், வீதி உடைந்து கிடக்கிறது, அழிவைப் பார்த்து எழுதுகிற கொம்பனி மஹத்தயா ஒருவர்தான், அவர் இப்போது முந்தல் பக்கம் நிற்கிறார் என்றான். மூன்றாம் நாள் அவள் தானாகவே கேட்டாள்.

"தம்பி, பாதியயாவது எடுக்கட்டா? கண்ணுக்கு முன்னால போகுது."

"தொட வேணாம் அக்கா. தொட்டுட்டீங்க எண்டா பிறகு என்னால ஒண்டும் செய்யேலாது. இவ்வளவு நாள் பொறுத்திட்டீங்க, இன்னும் ரெண்டு நாள்தானே."

ஐந்தாம் நாள் மணம் தொடங்கியது. அழுகிய வெங்காயத்தின் மணம் மூக்கில் நிற்பதில்லை. தொண்டைக்குள் இறங்கிச் சோற்றிலும் தேத்தண்ணீரிலும் ஏறிவிடும். காற்று வீசிய பக்கத்து வீட்டுக்காரர்கள் யன்னலைச் சாத்தினார்கள். ஒருத்தி வேலிக்கு வந்து, "பிடுங்கித் தாட்டுப் போடு மைமூனா, பிள்ளையள் சத்தி எடுக்குதுகள்" என்றாள். யாராவது புகுந்து பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் மைமூனாவைப் பிடித்துக்கொண்டது. தோட்டத்து மூலையில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு உட்கார்ந்தாள். தொழுகைக்கு மட்டும் எழும்பிப் போய் வந்தாள். றைஸாவின் வீட்டு ஆட்டுக்குட்டி ஒன்று வரம்பு தாண்டி வந்தபோது அவள் எறிந்த தடி அதன் முன்காலில் பட்டது. அது மூன்று காலால் கத்திக்கொண்டு ஓடியது. அதைப் பார்த்து நின்ற றைஸா குட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஏழாம் நாள் காலை மைமூனா சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது கிணற்றடியில் ஜபார் குந்தியிருந்தார். முன்னால் ஒரு சாக்கு. அதிலிருந்து வெங்காயத்தை எடுத்து எடுத்துக் கழுவி, அழுகின தோலை உரித்து எறிந்துகொண்டிருந்தார்.

"பாரு, உள்ளுக்குள்ள நல்லம்" என்று ஒன்றைத் தூக்கிக் காட்டினார். "நாலு பாத்தி மேட்டுப் பக்கம் கிடந்தது. அது தப்பியிரிக்கி. கடையில குடுத்தா பாணும் சீனியுமாவது வரும்."

மைமூனா தோட்டத்தைத் திரும்பிப் பார்த்தாள். மஞ்சள் பரப்பின் நடுவில் நாலு பாத்தி வெறும் சேறாகத் தெரிந்தது. எவ்வளவு தூரத்தில் நின்று பார்த்தாலும் தெரியும். படம் எடுத்தால் படத்தில் விழும்.

"என்ன வேலை செஞ்சீங்க?"

"என்ட வெங்காயத்த நான் பிடுங்கினன்."

"திருப்பிக் கொண்டு போய் நடுங்க."

ஜபார் சிரித்தார். அவள் பகிடி விடுகிறாள் என்று நினைத்தார். அவள் சாக்கைப் பிடுங்கித் தோளில் போட்டு நடந்தபோதுதான் சிரிப்பு நின்றது. எழும்பிப் பின்னால் வந்தார்.

"மைமூனா, விசராடி உனக்கு? செத்த வெங்காயத்த யாரும் நடுவாங்களா?"

"ஏழு நாள் நான் நாய் மாதிரிக் காவல் இருந்தது இதுக்காகவா? நடுங்க. மஹத்தயா இண்டைக்கு வந்தா நான் என்ன சொல்ற? முழுத் தோட்டமும் போயிரும். உங்கட பாணுக்கும் சீனிக்கும் முழுத் தோட்டமும் போயிரும்!"

வேலியோரம் சனம் சேர்ந்துவிட்டது. அவர்களுக்கு முன்னால் அவளோடு மல்லுக்கட்ட ஜபாருக்கு விருப்பமில்லை. சேற்றில் இறங்கினார். செருப்பு இரண்டும் முதல் எட்டிலேயே புதைந்துபோயின. அவற்றைத் தேடக் குனிந்தவரை அவள் தேட விடவில்லை. முழங்காலில் இருந்து ஒவ்வொரு வெங்காயமாகச் சேற்றுக்குள் அமுக்கினார். உரித்த கிழங்குகளை அடியில் வைத்து, அறுந்த தாள்களை மேலே செருகினார். அவள் வரம்பில் நின்று, "வரிசையா வைங்க, நெருக்கமா வைங்க" என்று சொல்லிக்கொண்டு நின்றாள். வேலிப்பக்கம் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். ஐம்பத்தைந்து வயது மனுஷன் அழுகிய வெங்காயத்தை வரிசையாக நட்டுக்கொண்டிருந்தால் சனம் வேறென்ன செய்யும்.

அந்தச் சேற்றுக்குள் பழைய நீர்க்குழாய் ஒன்றின் உடைந்த இரும்பு கிடந்தது. ஜபாரின் இடது பாதத்தை அது அறுத்தது. அவருக்குத் தெரியவில்லை. தண்ணீரில் சிவப்பாக மிதந்ததை மைமூனா கண்டாள். வெங்காயத் தோல் என்று நினைத்தாள்.

ஒன்பதாம் நாள் அவருக்குக் காய்ச்சல். பத்தாம் நாள் பாதம் கறுத்து வீங்கி, அறையில் வேறொரு மணம் வந்தது. தோட்டத்து மணத்தில் அது கலந்துகிடந்ததால் அவள் கவனிக்கப் பிந்திவிட்டது. முச்சக்கர வண்டி பிடித்துப் புத்தளம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அவருக்குத் துணையாக முசலியிலிருந்து ஸஹ்றா வந்து சேர்ந்ததும், மைமூனா அடுத்த பஸ்ஸில் தோட்டத்துக்குத் திரும்பிவிட்டாள். ஆள் வருகிற நேரம் வீட்டில் யாரும் இல்லாமல் போனால் என்ன செய்வது?

"உம்மா, வாப்பாட காலப் பாத்தீங்களா?" என்று ஸஹ்றா வாசலில் மறித்துக் கேட்டாள்.

"பாத்தன். டொக்டர்மார் இரிக்காங்கதானே."

பன்னிரண்டாம் நாள் பகலில் வெள்ளைக் கார் ஒன்று வந்து நின்றது. கால்சட்டையை முழங்கால்வரை மடித்துக்கொண்டு ஒரு சிங்கள மஹத்தயா இறங்கினார். பின்னால் தனஞ்சயன். மைமூனா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கதிரையை விட்டு எழும்பினாள். இருபத்து நாலு வருடம் புத்தளத்தில் இருந்தவளுக்குச் சிங்களம் தெரியாமல் இல்லை.

அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வரம்பில் நடந்தார். படம் எடுத்தார். தாளில் எழுதினார். நல்ல மனுஷன், அவசரப்படவில்லை. எல்லாம் பார்த்து முடிந்ததும் ஆச்சரியப்பட்டவர் மாதிரிக் கேட்டார்.

"ஏன் அம்மா, முழுவதையும் அழுக விட்டீர்கள்?"

"தொடக்கூடாது என்று சொன்னார்கள், மஹத்தயா."

"யார் சொன்னது? ஒரு மூலையில் ரெண்டு பாத்தி விட்டால் போதுமே. அதைப் பார்த்து நாங்கள் கணக்குப் போடுவோம். மிச்சத்தை நீங்கள் பிடுங்கி விற்றிருக்கலாம். தாளில் அப்படித்தான் இருக்கிறது."

மைமூனா தனஞ்சயனைப் பார்த்தாள். அவன் தாளை வாங்கிப் புரட்டினான். மூன்றாம் பக்கத்தில் கண் நின்றது. அவனுடைய மேலுதட்டில் வியர்த்திருந்தது.

"அக்கா... எங்களுக்கு ரெண்டு நாள் பயிற்சிதான் தந்தவங்கள். அதில இப்பிடித்தான் சொன்னவங்கள்."

மஹத்தயா அதற்குள் மேட்டுப் பக்கம் போய்விட்டார். நாலு பாத்தியின் முன்னால் நின்று குனிந்து ஒரு வெங்காயத் தாளை இழுத்தார். தாள் மட்டும் கையோடு வந்தது. அடியில் உரித்த வெங்காயம் வெள்ளையாக உப்பிக் கிடந்தது.

"இது என்ன?"

அவள் சொன்னாள். ஒன்றும் ஒளிக்கவில்லை. ஜபார் பிடுங்கியதையும், தான் திருப்பி நட வைத்ததையும் சொன்னாள். மஹத்தயா "உங்கள் புருஷன் எங்கே?" என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என்றாள். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. முழு அழிவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, தாளை அவளிடம் காட்டினார்.

அன்று பின்னேரம் ஜபாரின் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

காசு மாசி மாதம் வந்தது. சொன்னபடி, ஒரு சதம் குறையாமல் வங்கியில் விழுந்தது. அதில் ஒரு சக்கர நாற்காலி வாங்கினார்கள்; மிச்சம் அடுத்த நடுகைக்கும் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்த வண்டிக்கும் போனது.

வீட்டுக்கு வந்த ஜபாரிடம் மைமூனா ஒருநாள், புண்ணைக் கழுவித் துணி கட்டிக்கொண்டிருக்கும்போது, "என்னை மன்னிச்சுக்கொள்ளுங்க" என்றாள்.

"என்னத்துக்கு?"

"நீங்க வாணாம் எண்டு சொல்லச் சொல்ல..."

"அட, விடு. நல்ல பகிடிதானே அது." அவர் சிரித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு அதுதான் தொழில். சந்திக் கடை வாசலில் சக்கர நாற்காலியை நிறுத்திக்கொண்டு வருகிறவர் போகிறவருக்கெல்லாம் சொன்னார். வரம்பில் நின்று மைமூனா கத்திய குரலை அப்படியே எடுத்துக் காட்டினார். "வரிசையா வைங்க! நெருக்கமா வைங்க!" சனம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "வெங்காயம் முளைக்கல்ல. என்ட காலையும் சேத்து நட்டவ, அதுவும் முளைக்கல்ல" என்று முடிப்பார். வீட்டுக்கு ஆட்கள் வந்தாலும் அதே கதை. அவள் தேத்தண்ணீர்க் கோப்பையை நீட்டுகிற நேரம் பார்த்துத்தான் அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்வார். கோப்பையைக் கீழே வைக்கவும் முடியாமல், நிமிர்ந்து பார்க்கவும் முடியாமல் அவள் நிற்பாள். தனியே இருக்கும்போது அவளோடு அவர் ஒரு வார்த்தையும் கதைப்பதில்லை.

ஆவணியில் தனஞ்சயன் மறுபடியும் கூட்டம் வைத்தான். இந்த முறை தமிழில் அச்சடித்த தாள் வைத்திருந்தான். போன தடவை விசிறிக்கொண்டிருந்த சனம் இந்தத் தடவை எழுத்துக்கூட்டி வாசித்தது. மைமூனாவுக்குக் காசு வந்தது எல்லாருக்கும் தெரியும். ஆலிம்கள் தேவைக்கு ஆகும், பாவமில்லை என்றுவிட்டதாகச் சொல்லிக்கொண்டு இப்றாஹிம் ஹாஜியாரே வந்து முன்வரிசையில் இருந்தார்.

"அக்கா, நீங்க ரெண்டு வார்த்தை சொல்லுங்கோ. கொம்பனி காசு தந்ததா இல்லையா?"

மைமூனா எழும்பினாள். "தந்தாங்க. பொய் சொல்லல்ல." பிறகு குரலைக் கொஞ்சம் உயர்த்தினாள். "ஆனா ரெண்டு பாத்தி விட்டாப் போதும். மிச்சத்தப் பிடுங்குங்க. மூணாம் பக்கத்தில இரிக்கி. அத வாசிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"நட வாணாமா ராத்தா?" என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரித்தவர்களில் றைஸாவும் இருந்தாள்.

சனம் வரிசையாக வந்து கையெழுத்துப் போட்டது. றைஸா போட்டாள். ஹாஜியார் போட்டார். கடைசியாகத் தனஞ்சயன் தாளையும் பேனையையும் எடுத்துக்கொண்டு வாசலில் இருந்த ஜபாரிடம் போனான்.

ஜபார் பேனையை வாங்கினார். எல்லாரும் பார்க்கிறார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்தார். பிறகு பேனையைத் தனஞ்சயனின் சட்டைப் பைக்குள் மெதுவாகச் செருகிவிட்டார்.

"எனக்கு வாணாம் தம்பி."

"ஜபார் காக்கா, உங்களுக்குத்தானே முதல்..."

"எனக்கு என்ன பயம்? நான் இனி சேத்தில இறங்கப் போறனா? இறங்குறது அவ. வெள்ளம் வந்தா அவ பாத்துக்கொள்ளட்டும்."

மைமூனா கிட்ட வந்தாள். முக்காட்டு நுனியைக் கையில் சுருட்டிக்கொண்டு, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில், "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், போட்டுக் குடுங்க" என்றாள். காணி அவருடைய பெயரில். அவள் போட்டால் செல்லாது.

"சத்தமாச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

அவள் சத்தமாகச் சொன்னாள். மண்டபத்தில் இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. ஜபார் நாற்காலியின் சக்கரத்தைக் கையால் திருப்பி வாசலுக்கு வெளியே போனார்.

முப்பத்தைந்து வீடு காப்புறுதி செய்து நட்டது. மைமூனா அது இல்லாமல் நட்டாள். பாத்தி கட்டியதும், விதை வெங்காயம் ஊன்றியதும், தண்ணீர் இறைத்ததும் அவள் ஒருத்தியேதான். ஐப்பசி பிறந்ததும் அவளுடைய கண் வானத்தில் நின்றது. ஜபாருடைய கண்ணும் அங்கேதான் நின்றது. கடல் பக்கம் ஒரு முகில் எழும்பினால் போதும், வாசலில் இருந்தபடியே கையைத் தட்டி, கலியாண வீட்டுக்கு ஆள் வந்தது மாதிரிச் சந்தோஷமாகக் கூப்பிடுவார்.

"மைமூனா! கறுக்குது!"

அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள்.